பக்தவத்சலத்தின் சொந்தப் படைப்பு

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பக்தவத்சலத்துக்குத் தன் பெயரை எழுத்தில் பார்ப்பதென்றால் உயிர். திருமுல்கேரியில் மாடி அறை ஒன்றைப் பிடித்து மென்பொருள் கம்பெனி தொடங்கியபோது, கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே பெயர்ப்பலகை வந்து சேர்ந்தது. கம்பெனியின் பெயரைவிட அவர் பெயர் அதில் பெரிதாக இருந்தது.

மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் மென்பொருள் அவருடையது. அவருடையது என்றால், திரையில் தெரிகிற பட்டன்கள் அவருடையவை. பார்கோடு வரைந்து அச்சுக்கு அனுப்பும் நிஜமான வேலையைச் செய்தது, எங்கோ ஒருவர் எழுதி இணையத்தில் இலவசமாக விட்டிருந்த ரன்டைம் லைப்ரரி என்கிற ஆயத்த நிரல் தொகுப்பு. யாரும் எடுக்கலாம், தங்கள் மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். எழுதியவர் பெயரும் லைசென்ஸும் அடங்கிய சின்ன ஃபைலைக் கூடவே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

மனுஷனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவரிடம் வேலை பார்த்த நஸ்ரின் அந்த ஃபைலையும் சேர்த்திருந்தாள்.

"இது கைக்கும்மா, எதுக்கு? கஸ்டமர் பார்த்தா நம்ம மதிப்பு என்னாகும்?"

"இது இல்லாம குடுத்தா தப்பு சார். அவர் கேக்கறது பேரு மட்டும்தான்."

"நக்கோ, வேணாம். எடுத்துடு."

அவள் எடுக்கவில்லை. அவரே எடுத்தார். எடுத்தவர் சும்மா இருந்தாரா? 'முழுவதும் பக்தவத்சலத்தின் சொந்தப் படைப்பு' என்று திரையில் போட்டுக்கொண்டார். வெட்கம் கெட்ட வேலை. அவருக்கோ பார்க்கப் பார்க்க ஆனந்தமாக இருந்தது.

ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனி தன் எல்லா யூனிட்டுகளுக்கும் அதை வாங்க முன்வந்தது. இந்த ஆர்டர் கிடைத்தால் தலை நிமிரலாம்; தவறினால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான். வாங்குமுன் அவர்கள் மென்பொருளைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்பது பக்தவத்சலத்துக்குத் தோன்றவே இல்லை. புதுச் சட்டை மாட்டிக்கொண்டு கையெழுத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே தரப் பிரிவு மேலாளர் பத்மப்ரியா, கோயம்புத்தூர்க்காரர், லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். ஃபைலை எடுத்திருந்தாலும், லைப்ரரிக்குள்ளேயே அதை எழுதியவரின் பெயர் பத்திரமாக இருந்தது.

"இது உங்க படைப்புங்களா?"

"எல்லாரும் பண்றதுதான் மேடம். ஃப்ரீ லைப்ரரி, ஒரு பைசா கிடையாது."

"தெரியுங்க. பேரை மட்டும் போடச் சொல்லி இனாமாக் குடுத்திருக்காரு. இனாமாக் குடுத்ததையே திருடுனவரை நம்பி மருந்துப் பெட்டிய எப்படிங்க ஒப்படைக்கறது?"

பத்மப்ரியா ஆர்டர் பேப்பரைக் கையெழுத்தில்லாமலே மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.