மகாராணி சிரித்துச் செத்த படம்

மகாராணிக்குச் சிரிப்பு வந்தால் நிற்காது. போடிக்குப் பக்கத்தில் சிலமலை ஊரில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அவள் கல்யாணத்தன்று மாப்பிள்ளை சுருளிவேல் தாலியைக் கழுத்தருகே கொண்டுபோன நேரம் பார்த்து நாதஸ்வரக்காரருக்குத் தும்மல் வந்தது. வாத்தியத்தை வாயிலிருந்து எடுக்க அவகாசமில்லாமல் அதற்குள்ளேயே தும்மிவிட்டார். அந்தச் சத்தத்துக்கு மணப்பெண் குலுங்கிய குலுங்கலில் தாலி மூக்கு மேல் போய் நின்றது. நாத்தனார் அவள் தலையை இறுகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் சுருளிவேலால் முடிச்சுப் போட முடிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு பதினாலு வருஷம் மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போனாள். சுருளிவேல் ஆளேற்றிப் போகும் ஜீப்பிலேயே ஏறிப் போய், அதிலேயே இறங்கி வருவாள். அந்த வேலை போனதும் சிரிப்பால்தான். ஒருநாள் தோட்டத்துச் சூப்பர்வைசர், "வர்த்தானம் வேண்டா, பணியெடுக்கு!" என்று, பேச்சை விட்டு வேலையைப் பார்க்கும்படி மலையாளத்தில் பெண்களை அதட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்து எருக்குழிக்குள் உட்கார்ந்துவிட்டார். மற்றப் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். மகாராணியின் சிரிப்பு மட்டும் அடுத்த தோட்டம் வரைக்கும் கேட்டது. மறுநாள் அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கப்புறம் போடியில் நாகூர் கனியின் ஏலக்காய்க் கடையில் சேர்ந்தாள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சொளகில் காயைப் பரப்பி, பெருசு வேறு, சிறுசு வேறு, வெடித்தது வேறு என்று பிரிக்கும் வேலை. நாகூர் கனியின் மனைவி கமர்நிசாவுக்கு மகாராணியின் சிரிப்பு ரொம்பப் பிடிக்கும். மாடியில் சோலி முடிந்ததும் இறங்கி வந்து, அதைக் கேட்பதற்கென்றே பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அவர்கள் மகன் இஜாஸ் சின்ன வயசில் அந்தக் காய்க் குவியலில் உருண்டு வளர்ந்தவன். பிறகு சென்னைக்குப் போய் சினிமாக்காரர்களிடம் எட்டு வருஷம் வேலை பார்த்தான். போன வருஷம் டிவிக்காரர்கள் அவனை நம்பி ஒரு படம் கொடுத்தார்கள். தியேட்டருக்கு வராமல் நேரே டிவியில் போடுகிற படம். பேர் 'ஊழிக்கல்'.

கதை இதுதான். பல லட்சம் வருஷத்துக்கு முன்னால் வேற்றுக்கிரகத்துக்காரர்கள் கல் மாதிரி ஒரு ஆயுதத்தை நம் மலைக்குள் புதைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏலச்செடி நடக் குழி தோண்டும் ஒரு தோட்டக்காரி அதைத் தொட்டு, உடம்பு எரிய அலறி, முதல் ஆளாகச் சாகிறாள். அப்புறம் விஞ்ஞானிகள் வருகிறார்கள், பட்டாளம் வருகிறது, உலகமே நடுங்குகிறது.

தோட்டக்காரி வேஷத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு நடிகை வந்தார். போடிமெட்டுப் பாதையில் நாலாவது வளைவில் அவருக்கு வாந்தி ஆரம்பித்தது. பதினேழாவது வளைவு முடிந்து ஜீப்பிலிருந்து இறங்கியவர், கல் யாரை வேண்டுமானாலும் கொல்லட்டும், தான் ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எதிரே வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். இறங்குவதற்கும் அதே பதினேழு வளைவுதான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இஜாஸ் அம்மாவுக்குப் போன் போட்டுப் புலம்பினான்.

"ஏன்டா கத்துற? நம்ம மகாராணிய அனுப்புறேன். மம்பட்டி பிடிச்ச கை அவளுக்கு," என்றார் கமர்நிசா.

"அம்மா, அக்கா இதுல சாகணும்மா."

"செத்துட்டுச் சாயங்காலம் வெரசா வரச் சொல்லு. நாளைக்கு லோடு போகணும்."

ஒரு மணி நேரத்தில் சுருளிவேலின் ஜீப் மகாராணியோடு மேலே வந்து நின்றது. தோட்டத்தில் மஞ்சு வெள்ளைப் புகையாக இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே ரெண்டு பேர் போர்வையில் பொதிந்து எதையோ கைக்குழந்தையைப் போலத் தூக்கி வந்தார்கள். பிரித்தால், கருகருவென்று உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக ஒரு சாமான். உள்ளே பச்சை வெளிச்சம் மூச்சு விடுவதுபோல் மங்கி மங்கி எரிந்தது.

"தம்பி, இது பலாக்காய்க்குத் தாரு பூசுனாப்புல இருக்கே," என்றாள் மகாராணி.

"ராணிக்கா, இது வேற்றுக்கிரகத்து ஆயுதம். நம்மளவிட ஆயிரம் மடங்கு அறிவாளிங்க செஞ்சது."

"அம்புட்டு அறிவாளிங்க, போகும்போது சாமானை எடுக்க மறந்துட்டாகளாக்கும்!"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. கேமராவுக்கு முன்னால் குழியைத் தோண்டினாள். கையை நீட்டித் தொட்டாள். கல் வாயைத் திறந்து 'புஸ்ஸ்' என்று புகை விட்டது. அலற வேண்டிய மகாராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது தடவை எடுத்தார்கள். ஒன்பது தடவையும் கல் 'புஸ்ஸ்' என்றது, ஒன்பது தடவையும் அவள் செடிக்குள் சரிந்து சிரித்தாள். கண்ணில் வெங்காயம் தேய்த்தார்கள். கண்ணீர் நன்றாக வந்தது, சிரிப்பும் கூடவே வந்தது.

சுருளிவேல் பக்கத்தில் போய், "இந்தா, ஒங்காத்தா செத்த அன்னிக்கு நெனப்ப மனசுல கொண்டா," என்று யோசனை சொன்னார்.

மகாராணி கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். "அன்னிக்குத்தான எங்க மாமா, அழுதுக்கிட்டே நாற்காலியோட மல்லாக்கக் கவுந்தாரு!" என்றாள். இந்தத் தடவை கேமராக்காரரும் சேர்ந்து சிரித்ததில் கேமராவும் ஆடியது.

சிரிக்காதவர் ஒருவர்தான். டிவிக்காரர்கள் சார்பில் வந்திருந்த ராஜாராம். பத்து நாளில் படத்தை முடித்துக் கொண்டுபோக வேண்டிய பொறுப்பு அவருடையது. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "போதும் இஜாஸ். வேற ஆளைப் பாருங்க. இந்தம்மாவுக்கு நடிப்பு வரலை," என்றார்.

மகாராணியின் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. மம்பட்டியை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு ஜீப்பில் போய் உட்கார்ந்தாள். "ஏங்க, வண்டிய எடுங்க," என்றாள். சிரிப்புக்காக வேலை போனபோதுகூட வீடு வந்து சேரும் வரை சிரித்துக்கொண்டே வந்தவள். அவள் முகம் அப்படித் தொங்கிப்போனதைச் சுருளிவேல் அன்றைக்குத்தான் பார்த்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

இஜாஸ் அதற்குள் எடுத்ததையெல்லாம் சின்னத் திரையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறாவது தடவை எடுத்தது வந்தபோது அவன் கை நின்றது. வெள்ளையாக மஞ்சு. நடுவில் தன்னந்தனியாக ஒரு பொம்பளை. காலடியில் பச்சையாக மினுங்கும் கருப்பு முள்ளுருண்டை. அவள் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள், நிறுத்த முடியாமல் சிரிக்கிறாள். இஜாஸ் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தான். ராஜாராமைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் பார்த்துவிட்டு ரெண்டடி பின்னால் போனார்.

"என்னய்யா இது, இவ்வளவு பயமா இருக்கு?"

"சார், கல்லு யாரையும் எரிக்க வேணாம். தொட்டவங்களைச் சிரிக்க வைக்கட்டும். சிரிச்சுச் சிரிச்சே மூச்சு நின்னு சாகட்டும். கதையை மாத்திருவோம்."

ராஜாராம் தானே ஜீப்புக்கு நடந்துபோய் மகாராணியிடம், "தப்பா சொல்லிட்டேம்மா, வாங்க," என்றார். ஆறாவது தடவை எடுத்ததில் ஓரத்தில் டீ குடித்தபடி சுருளிவேலும் பதிவாகியிருந்தார். அதனால் இன்னொரு தடவை எடுத்தாக வேண்டும்.

"இப்ப இஷ்டத்துக்குச் சிரிங்க அக்கா," என்றான் இஜாஸ்.

மகாராணி நின்றாள். தொட்டாள். கல் 'புஸ்ஸ்' என்றது. சிரிப்பு வரவில்லை. மூன்று தடவை எடுத்தும் வரவில்லை.

"சிரின்னு சொன்னா எப்படி தம்பி சிரிக்க? தொண்டைல வந்து நிக்குது," என்றாள் பரிதாபமாக.

ராஜாராமுக்குப் பொறுக்கவில்லை. "இதுல என்னம்மா கஷ்டம்? என்னைப் பாருங்க," என்று பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு குழியோரம் போய்க் கல்லுக்கு எதிரே நின்றார். "ஹா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஹா," என்றார். மூன்றாவது வருவதற்குள் இருமல் வந்துவிட்டது.

"சாருக்குப் பேட்டரி டவுன். தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்," என்றார் சுருளிவேல், ரொம்ப அக்கறையாக.

மகாராணி வெடித்தாள். ராஜாராம் பதறி விலகினார். கேமரா ஓடியது. அவள் குனிந்து சிரித்தாள், நிமிர்ந்து சிரித்தாள், முழங்காலில் விழுந்தாள். சத்தம் தேய்ந்து வெறும் மூச்சாகி, ஏலச்செடிகளுக்கு நடுவே சாய்ந்து அசையாமல் கிடந்தாள். மஞ்சு வந்து அவள் மேல் மூடியது. இஜாஸ் 'கட்' சொல்லவே மறந்துபோனான்.

செடிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "தம்பி, நான் செத்துட்டேன். எந்திரிக்கவா?"

அப்போது ராஜாராம் சிரித்தார். சொல்லிக்கொடுத்த சிரிப்பு இல்லை. மூக்குக்கண்ணாடி நழுவிக் குழிக்குள் விழுகிற அளவுக்கு, சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து தொடையைத் தட்டிச் சிரித்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் படம் போட்டார்கள். கமர்நிசா மாடியிலிருந்த டிவியைக் கடைக்கே இறக்கச் சொன்னார். காய் பிரிக்கும் பெண்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், சிலமலையிலிருந்து ரெண்டு ஜீப் சனம் என்று கடை நிறைந்துவிட்டது. பன்னிரண்டாவது நிமிஷம் மகாராணி வந்தாள். மம்பட்டியோடு அவளைப் பார்த்ததும் விசிலடித்தார்கள். அவள் சிரிக்க ஆரம்பித்ததும் இவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு நீள நீளக் கடையில் ஒவ்வொருத்தராக அடங்கினார்கள். பிள்ளைகள் அம்மாக்களின் மடிக்குள் புகுந்துகொண்டார்கள். மகாராணியே சுருளிவேலின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, யாருங்க இவ? எனக்கே பயமா இருக்கு," என்றாள்.

திரையில் அவள் விழுந்ததும் கமர்நிசா ஓவென்று அழுதுவிட்டார். "செத்துப்போனியேடி மகாராணி!" என்று பக்கத்திலிருந்தவள் முதுகில் ரெண்டு வைத்தார். "அக்கா, இங்கதான இருக்கேன், அடிக்காதீக!" என்று மகாராணி சிரிக்க, அந்தச் சிரிப்பைக் கேட்ட பிள்ளைகள் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓட, அவர்களைப் பிடிக்கப் பெண்கள் ஓட, எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டு தொட்டுத் தொட்டுப் பார்க்க, டிவி தன்பாட்டுக்கு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. விஞ்ஞானிகள் வந்தார்கள், பட்டாளம் வந்தது, குண்டு வெடித்தது. திரும்பிப் பார்க்க ஆளில்லை.

சாயங்காலம் இஜாஸ் போன் செய்தான். "அம்மா, முடிவு எப்படி இருந்துச்சு?"

"மகாராணி செத்ததும் நாங்க எந்திரிச்சுட்டோம்ப்பா," என்றார் கமர்நிசா.

ஊழிக்கல்லிடமிருந்து உலகம் எப்படித் தப்பித்தது என்று சிலமலையில் இன்றுவரை ஒருத்தருக்கும் தெரியாது. பஸ்ஸில் யாராவது மகாராணியிடம் கேட்டால், "நான் செத்த பெறகு நடந்தது எனக்கெப்படித் தெரியும்?" என்பாள்.