கார்னெட்டின் தலையும் என் மட்டையும்

ஐந்து வயதில் என்னை ஐஸ் ஹாக்கி கோலில் நிறுத்தியதற்குத் திறமை காரணமில்லை. ஸ்கேட்ஸ் மாட்டினால் விழுந்துகொண்டே இருந்தேன். விழும்போது நிறைய இடத்தை அடைத்துக்கொண்டு விழுந்தேன். பயிற்சியாளர் பார்த்தார், இவன் வலைக்கு முன்னால் விழுந்தால் நமக்கு லாபம் என்று முடிவு செய்தார். இப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. இன்னும் அதே வேலைதான்.

படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. சஸ்காச்சுவான் மாகாணத்தில் எங்கள் ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளுக்கு செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறேன். சாலையில் என் வண்டியை யாரும் நெருங்கி வருவதில்லை. அதை மரியாதை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். குளிர்காலச் சனிக்கிழமைகளில் ஊர் அணிக்குக் கோல்கீப்பர்.

நல்ல கோல்கீப்பர் வலையோடு ஒட்டிக்கொண்டு நிற்கமாட்டான். எதிரணி ரப்பர் வட்டை, களத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரோரமாக அடித்துவிட்டால், வலைக்குப் பின்னால் போய் மட்டையால் அதை நிறுத்தித் தன் ஆளுக்கு எடுத்து வைப்பான். நான் போவதில்லை. போனால் திரும்பி வரவேண்டுமே. ஆகவே எங்கள் தடுப்பாட்டக்காரன் கார்னெட்தான் ஓடிப்போய், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதை எடுக்கவேண்டும். எடுக்கும்போது பின்னால் வருகிறவன் அவனைச் சுவரோடு சேர்த்து நசுக்குவான்.

கார்னெட் என் அக்கா லெஸ்யாவின் கணவன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். போன குளிர்காலத்தில் இரண்டு முறை நசுங்கி, இரண்டு முறையும் ஐஸில் கிடந்தபடி இது எந்த ஊர் என்று கேட்டான். இன்னொரு முறை தலையில் அடிபட்டால் பேருந்து ஓட்டுவதை மறந்துவிடவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நவம்பரில் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டை மேசையில் வைத்தாள். தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அவன் ஆட்டத்த விடமாட்டேங்கறான். சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. நீயாவது வலைய விட்டு நகருடா நெஸ்டர்.”

“நகர்ந்து?”

“நகர்ந்து அந்த வட்ட எடு. தபால்பெட்டி மாதிரி நிக்கற. வர்றவன் எல்லாம் போட்டுட்டுப் போறான்.”

பெண்கள் அணியில் அவளும் கோல்கீப்பராக இருந்தவள். அவளை யாரும் விழுகிறாள் என்று அங்கே நிறுத்தவில்லை. அவளே கேட்டு நின்றாள். வித்தியாசம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அவள் வீட்டு டிராக்டர் கொட்டகையில் பயிற்சி. டென்னிஸ் பந்து, சிமெண்ட் தரை.

“கையுறைய மட்டைக்கு மேல கவுத்துப் போடு. அடியில குடுக்காத, சூப் கிண்டற மாதிரி இருக்கு.”

கவிழ்த்துப் போட்டேன். பந்து டிராக்டருக்கு அடியில் போனது. அடுத்தது டீசல் பீப்பாய்க்குப் பின்னால். நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

“சுவரோட ஒட்டி வைக்காத. ஒரு முழம் தள்ளி வை. அவன் குனிஞ்சு நோண்டிட்டு நிக்கக்கூடாது, வந்த வேகத்துல எடுத்துட்டுப் போகணும்.”

“ம்.”

“முக்கியமா வாயத் திற. அவனுக்கு முதுகுல கண்ணு கிடையாது. ஆள் வருதா, எடுக்கணுமா, விடணுமான்னு நீதான் கத்தணும்.”

“ம்.”

“இந்த ‘ம்’ அவனுக்குக் கேக்குமாடா?”

கார்னெட்டுக்கு இது தெரியக்கூடாது என்றாள். தெரிந்தால், என்னை என்ன கண்ணாடிப் பொம்மை என்று நினைத்தாயா என்று குதிப்பானாம்.

பிப்ரவரியில் மில்பர்ன் அணியோடு ஆட்டம். அவர்களிடம் டெல்மர் என்று ஒருவன் இருக்கிறான். தானியம் உலர்த்தும் இயந்திரம் ஸ்கேட்ஸ் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருப்பான். கடைசி நிமிடங்கள், இரண்டுக்கு இரண்டு. வட்டு சுவரோரமாகச் சுழன்று வலைக்குப் பின்னால் வந்தது. கார்னெட் முதுகைக் காட்டித் திரும்பினான். அவனுக்குப் பின்னால் டெல்மர்.

போனேன். போனேன் என்று சொல்வது எளிது. ஒரு அலமாரியைத் தள்ளிக்கொண்டு போவதுபோலத்தான் இருந்திருக்கும். மட்டையையும் உடம்பையும் சுவரில் அணைத்து வட்டை நிறுத்தினேன். கொட்டகையில் ஒருமுறைகூட வராதது வந்துவிட்டது. இப்போது ஒரு முழம் தள்ளி வைக்கவேண்டும். ஆனால் டெல்மர் ரொம்பக் கிட்டே வந்துவிட்டான். வைத்தால் கார்னெட் குனிவான். குனிந்தால் தலை போகும்.

“விடு! ஆள் வருது! போடா அந்தப் பக்கம்!”

என் தொண்டையிலிருந்து இப்படி ஒரு சத்தம் வந்ததை யாரும் கேட்டதில்லை. கார்னெட் மிரண்டு விலகினான். கோல்கீப்பரை இடிக்கக்கூடாது என்பதால் டெல்மர் என் முன்னால் ஐஸைச் சீய்த்துக்கொண்டு நின்றான். நான் கையுறையைக் கவிழ்த்துப் போட்டு, கட்டைவிரலைக் கீழே பார்க்கவைத்து, எல்லாம் முறைப்படி, வட்டை அனுப்பினேன். அது அழகாகப் போய், காலி வலைக்கு முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்த மில்பர்ன்காரனின் மட்டையில் உட்கார்ந்தது. தன் அதிர்ஷ்டத்தை நம்பமுடியாமல் அவன் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே தட்டினான்.

ஊரே தலையில் கைவைத்தது. அக்கா மட்டும் எழுந்து நின்று கைதட்டினாள். பக்கத்திலிருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள்.

உடை மாற்றும் அறையில் கார்னெட் தலைக்கவசத்தை என் காலடியில் எறிந்தான்.

“வருஷம் பூரா பொட்டி மாதிரி நின்ன! இன்னிக்கு மட்டும் ஏண்டா நகர்ந்த?”

“ம்,” என்றேன்.

“நான் எடுத்திருப்பேன்டா! என் வட்டுடா அது! எந்த மடையன் உனக்கு இதக் கத்துக்குடுத்தான்?”

பையைக் கட்டினேன். அந்த மடையன் வெளியே கார் இன்ஜினை ஓடவிட்டு இவனுக்காகக் காத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை பள்ளிப் பேருந்து எதிரே வந்தது. கை காட்டினேன். கார்னெட் பதிலுக்குக் காட்டவில்லை. முகத்தை வெடுக்கென்று மறுபக்கம் திருப்பிக்கொண்டான். தலை நன்றாகவே திரும்பியது.