பிரசவ வார்டில் ஒரு சித்தி

கடலூர் முதுநகரில் ஒரு பெண்ணுக்கு மாசம் நெருங்கிவிட்டால், வீட்டார் பழைய வேட்டித் துணியையும் ஃபிளாஸ்க்கையும் எடுத்து வைக்கிறார்களோ இல்லையோ, ஆரோக்கியம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுவார்கள். இது 2012 நிலவரம். கடலூரும் சிதம்பரமுமாக இதுவரை முப்பத்தோரு பிரசவத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, மருத்துவச்சியும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரப் பெண்ணைத்தான் உள்ளே விடுவோம் என்கிறார்களா, அதனால் எல்லாருக்கும் அவள் சித்தி. ஒங்கம்மாவுக்கு மொத்தம் எத்தன பொண்ணுங்கன்னு சிதம்பரத்தில் ஒரு நர்ஸம்மா கேட்டே விட்டாளாம். ஆரோக்கியம்மாள் அசருகிற ஆளா? எண்ணிக்கிட்டே இருக்கேம்மா என்றாளாம்.

முதல் பிரசவம் மட்டும் நிஜமான அக்கா மகளுடையது. அன்றைக்கு உள்ளே போக அவள் பட்ட பாட்டைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

2005. அக்கா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அக்கா மகள் ரேகாவை மேல்பட்டாம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம். அந்தப் பெண் பிரசவம் என்ற பேச்சை எடுத்தாலே வெலவெலத்துப் போவாள். சித்தி, நீ என்கூட உள்ள வந்துருன்னு பார்க்கும்போதெல்லாம் ஒரே நச்சரிப்பு. அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவத்தின்போது கூட ஒரு பெண் துணை இருக்கலாம் என்று புதுசாக விட ஆரம்பித்திருந்த நேரம் அது.

ஆரோக்கியம்மாள் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாக வரும் நர்ஸம்மாவைப் பிடித்துத் துளைத்து எடுத்துவிட்டாள். இடுப்பில் எங்கே தேய்த்துவிட வேண்டும், வலி ஏறும்போது மூச்சை எப்படி விடச் சொல்ல வேண்டும், தண்ணி கொடுக்கலாமா, நடக்க வைக்கலாமா. நர்ஸம்மாவும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். வயிற்றை அமுக்கக் கூடாது, கை மருந்து எதுவும் கூடாது, நாங்கள் சொல்லாமல் முக்கச் சொல்லக் கூடாது. பயம் போனாலே வலியைத் தாங்கிக்கொள்ளத் தெம்பு வந்துவிடும், அதற்குத்தான் துணை என்றாள்.

குறுக்கே நின்றது ரேகாவின் மாமியார் ரத்தினம்மாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். மருமகளுக்கு மூன்று வேளையும் பார்த்துப் பார்த்துச் செய்தவள்தான். ஆனால் பிள்ளை இல்லாதவள் பிரசவத்தில் நிற்கக் கூடாது என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். வளைகாப்பு அன்றைக்கு ஆரோக்கியம்மாள் வளையலைக் கையில் எடுத்ததும், அத்தனை பேர் நடுவில், நீ போய் பந்தியப் பாரும்மா என்று அனுப்பிவிட்டாள். இவளும் போய்ச் சோறு பரிமாறினாள். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏனென்றால் ஆரோக்கியம்மாள் பெறாதவள் இல்லை. இரண்டு பெற்றாள். ஒன்று எட்டாம் மாசத்தில் உயிரில்லாமல் பிறந்தது. அடுத்தது பிறந்து அரை நாள் இருந்தது. சிப்காட் கம்பெனியில் ஷிப்ட்டுக்குப் போயிருந்த புருஷன் அந்தோணிசாமி ஓடி வருவதற்குள் அதுவும் போய்விட்டது. இரண்டு தடவையும் உள்ளே அவள் தனி ஆள். நாக்கு வறண்டு தண்ணி கேட்டதற்கு, கத்தாதே என்றுதான் பதில் வந்தது. வலிகூட மறந்து போயிற்று. யாருமே இல்லாமல் கிடந்தது மறக்கவில்லை. ரேஷன் கார்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். ஊர் வாயில் அவள் பிள்ளை இல்லாதவள். பிள்ளைங்க எத்தனை என்று பஸ்ஸில் யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். பதினைந்து வருஷமாக அப்படித்தான்.

ரேகாவுக்கு வலி கண்டது ஒரு வியாழக்கிழமை காலையில். பொய் வலியா நிஜ வலியா என்று பார்க்க ரத்தினம்மாள் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். வலி ஜாஸ்தியாகிவிட்டது. ஆட்டோ பிடித்துக் கடலூருக்குக் கொண்டுவந்தார்கள். சேதி போய் ஆரோக்கியம்மாளும் ஓடி வந்தாள்.

வார்டு வாசலில் நர்ஸ் பேனாவும் கையுமாக நின்றாள். துணைக்கு ஒருத்தர்தான், யார் வருகிறீர்கள் என்று கேட்டாள். ரத்தினம்மாள் முன்னால் வந்தாள். ரேகா சித்தியின் முந்தானையை விடவே இல்லை.

"புள்ள பெத்தவளா பாத்து விடுங்கம்மா" என்றாள் ரத்தினம்மாள்.

நர்ஸுக்கு இவர்கள் கதை என்ன தெரியும்? ஆமாம், பிரசவம் கண்ட பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், எங்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். ஆரோக்கியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பெத்திருக்கீங்களா?"

இல்லை என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் கை அங்கேயே நழுவியிருக்கும்.

"ரெண்டு பெத்தேன். ரெண்டும் தங்கல. ஆனா பெத்தேம்மா."

நர்ஸ் ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தாள். பேரை எழுதிக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னாள். ரத்தினம்மாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே ஐந்து மணி நேரம். ஆரோக்கியம்மாள் ரேகாவைத் தோளில் சாய்த்து வராண்டாவில் நடக்க வைத்தாள். வலி ஏறும்போது இடுப்பை அழுத்தித் தேய்த்தாள், இறங்கும்போது ஒரு வாய் தண்ணி கொடுத்தாள். கத்தணும்னா கத்துடி, யாரு கேட்டா என்றாள். நர்ஸ் சொல்கிறவரை முக்கு என்று ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. என்னால் ஆகாது சித்தி என்று ரேகா அழுதபோது, ஆயிட்டே இருக்குடி, பாதிக்கு மேல வந்துட்டே என்றாள். ரேகா நம்பினாள். வந்தும் விட்டாள்.

மதியம் ஒன்றே முக்காலுக்குப் பெண் குழந்தை. துடைத்துச் சுற்றி, அம்மா மார்பில் போட்டு எடுத்து, வெளியே காட்டிவிட்டு வாங்க என்று நர்ஸ் ஆரோக்கியம்மாள் கையில்தான் கொடுத்தாள்.

வாசலில் ரத்தினம்மாள் எழுந்து நின்றாள். பேத்தியை வாங்கிக்கொண்டாள், நெற்றியில் சிலுவை போட்டாள். நன்றி சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. குழந்தையைச் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"ஒன்னோடது ரெண்டும் என்னா புள்ளைங்க?"

பதினைந்து வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. ஆரோக்கியம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"மூத்தது பொண்ணு. ரெண்டாவது பையன். அவனுக்கு முடி நெறைய இருந்துச்சு."