மழைக்கு லீவு விடாத கல்லூரி

சென்ற நவம்பரில் ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் போனேன். அருவி பார்க்க அல்ல. மாத்தளையில் ஒரு கல்யாண வீட்டில், பாயாசம் குடித்துக்கொண்டே ஒருவர் தீர்ப்புச் சொன்னார்: மலைக்கு மேலே காட்டோரம் ஒரு சின்னக் கல்லூரி இருக்கிறதாம், பிள்ளைகளே வருவதில்லையாம், ஓ.எல் பரீட்சை எழுதும் பதினோராம் வகுப்பை மூடிவிடலாமாம். "நீங்க போயிருக்கீங்களா?" என்று கேட்டேன். இல்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுவாரமே கிளம்பிவிட்டேன்.

மாத்தளையில் காலை ஐந்தரைக்கு பஸ். ரத்தோட்டையில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். பதினான்கு கிலோமீட்டருக்கு மூவாயிரம் ரூபா. ஓட்டிய முஸ்லிம் நானா வழியெல்லாம் என்னைத் திருப்பி அனுப்பவே பார்த்தார். "இந்த மழையில யாரு மிஸ் அங்க போறது? அட்டையும் பனியும்தான் ஈக்கிது." தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடம் வரை வண்டி ஏறியது. மீதி இரண்டு கிலோமீட்டர் நடை. அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் சவர்க்காரம் பூசியிருந்தேன். அட்டைகள் அதைச் சட்டை செய்யவில்லை.

கல்லூரி என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். பள்ளிக்கூடம்தான், தகரக் கூரை போட்ட இரண்டு கட்டடங்கள். தேயிலை வராத பாறை நிலம் என்றுதான் தோட்ட நிர்வாகத்தில் இந்த இடத்தையே விட்டுக் கொடுத்தார்களாம். மலையில் வேலை முடித்து வந்த சனம் அந்திப் பொழுதில் பாறை உடைத்துக் கட்டியது. பெயர்ப் பலகையில் வித்தியாலயம் என்று எழுதும்படி கல்வி ஆபீஸ் சொல்லியும் கேட்காமல் கல்லூரி என்று எழுதியது. டவுன் பிள்ளைக்குக் கல்லூரி, எங்கள் பிள்ளைக்கு மட்டும் என்ன குறைச்சல் என்ற வீம்பு. அந்த வீம்பு எனக்கு ரொம்பப் பிடித்தது.

அந்தக் கொட்டுகிற மழையில் வகுப்புகளில் காலி வாங்குகளைத்தான் எதிர்பார்த்துப் போனேன். ஒரு வாங்கில்கூட உட்கார இடமில்லை! இன்னும் பிள்ளைகள் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தபடி இருந்தார்கள். தலைமை ஆசிரியரான அதிபர் இதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, இங்கேயே படித்த பெண்.

"மழைன்னா லீவு இல்லையா டீச்சர்?" என்று கேட்டேன்.

"வெயிலுக்கு விட்டாலும் விடுவோம், மழைக்கு விட மாட்டோம்," என்றார். "முந்தி ஒரு தடவை பாவம்னு பார்த்து விட்டோம். அன்னைக்குன்னு பார்த்து கல்வி ஆபீஸ்லேருந்து தலை எண்ண வந்துட்டாங்க. காலி வகுப்பைப் பார்த்துட்டு ஓ.எல்லுக்கு மேல இருந்த ஏ.எல் வகுப்பை எடுத்துட்டாங்க."

அன்றைக்குப் பெற்றோர் கூடி முடிவெடுத்தார்களாம்: மழை எவ்வளவு கொட்டுகிறதோ, அவ்வளவு கட்டாயம் பிள்ளையை அனுப்ப வேண்டும். காய்ச்சல் பிள்ளைக்கு மட்டும் மன்னிப்பு.

"இன்னைக்கு ஓ.எல் வகுப்பை எண்ண வர்றாங்க. இதுவும் போச்சுன்னா டவுனுக்கு அனுப்ப பஸ் ஏது? பொம்பளைப் பிள்ளைங்க நேரா கொழுந்தெடுக்கத்தான் போகணும்."

எல்லோரும் பாதையைப் பார்த்தபடி இருந்தோம். பத்து மணிக்கு அதிபருக்குக் கல்வி அதிகாரியிடமிருந்து போன் வந்தது. மழை கடுமையாம், ரத்தோட்டையிலேயே ஜீப்பைத் திருப்பிவிட்டார்களாம், வேறொரு நாள் வருவார்களாம். ஓட்டோ ஏறிய பாதை ஐயா அது!

"சேர்," என்றார் அதிபர், "எங்க பிள்ளைங்க வந்துட்டாங்க."

போனை வைத்துவிட்டு ஓ.எல் வகுப்புக்குள் போய் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒரு பெயருக்கும் பதில் வராமல் இல்லை. கடைசியில், முகத்தில் சிரிப்பே இல்லாமல், "கல்வி அதிகாரி?" என்றார்.

"வரல்ல டீச்சர்!" வகுப்பே எழுந்து கத்தியது.

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்து முடிவதற்குள் அழுகையும் வந்தது, மறைக்கவில்லை. இதை எழுதும் இன்றுவரை தலை எண்ண யாரும் வரவில்லை. வகுப்பு நடக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: சப்பாத்தும் மாற்று உடுப்பும் அவசியம். வழியில் கடை கிடையாது, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். இரண்டு மணிக்கு முன் இறங்கிவிடுங்கள், பிறகு பனி மூடிவிடும். பாதை கஷ்டமா என்று மட்டும் எனக்கு எழுதிக் கேட்க வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளை புத்தகப் பையோடு அதில் தினமும் ஏறுகிறது. ஏற முடியாதவர்கள் வீட்டிலேயே இருங்கள். ஆனால் அங்கே பிள்ளைகள் இல்லை என்று வாய் திறக்காதீர்கள்.