ஓரத்து மிஷின்

எழுபதுகளில் கரமனையில் நான் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டபோது, ஒரு பெரிய இன்ஜினியரின் மகளும் அங்கே வந்துகொண்டிருந்தாள். காரில் வந்து இறங்குவாள். கையில் ஒரு வளையல்கூட இருக்காது. நகங்களை ஒட்ட வெட்டியிருப்பாள். நல்ல மிஷினுக்காக நாங்கள் முட்டி மோதும்போது, அவள் பேசாமல் ஓரத்து மிஷினில் போய் உட்காருவாள். அதில் ஓர் எழுத்து அடித்ததும் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு தடவையும் அதைச் சுண்டுவிரலால் தட்டி இறக்கிவிட்டுத் தொடர்ந்து அடிப்பாள்.

பொழுதுபோகாத பணக்காரப் பெண் என்று எனக்கு எரிச்சல். நானோ சோற்றுக்கு வழி தேடி வந்தவன். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"உங்காத்துல புது மிஷின் இருக்காமே. பின்னெ எதுக்கு இதோட மல்லுக்கட்டறேள்?"

அவள் தலை நிமிரவில்லை. "ஆத்துல நான் தப்பா அடிச்சா, மிஷின் சரியில்லைன்னு அப்பா வேற வாங்கிண்டு வந்துடறார். இப்போ இருக்கறது மூணாவது. உனக்கு அடிக்கத் தெரியலைன்னு இங்க சார் ஒருத்தர்தான் சொல்றார், கேட்டேளா."

பரீட்சையில் எனக்கு நல்ல மிஷின்தான் கிடைத்தது. அவள் முதல் வகுப்பில் தேறினாள். நான் தோற்றேன். வீட்டில் அப்பா காரணம் கேட்டார்.

"மிஷின் சரியில்லைப்பா."

"அதானே! பாவம், நீ என்னடா பண்ணுவே" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

என்னால் தலை நிமிர முடியவில்லை. இந்தத் தட்டலுக்குப் பயந்துதான் அவள் தினமும் காரேறி வந்திருக்கிறாள்.