அரை நூல் கூட, அரை நூல் குறைய

சோலைமலையும் அவருடைய மாமனார் மாயாண்டியும் பேசி ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. காரணம் ஒரு பந்தல்கால். தாலி கட்டிய கையோடு நிமிர்ந்த மாப்பிள்ளை, "இந்தக் கால் கொஞ்சம் சாஞ்சிருக்குங்களே" என்று சொல்லிவிட்டார். பந்தல் போட்டவரே தேயிலைத் தோட்டத்துத் தச்சரான மாயாண்டிதான். அந்தச் சொல் அவர் நெஞ்சில் ஆணியாக இறங்கியது.

நடுவில் நின்று கண்ணீர் விட்டவள் அம்மாக்கண்ணு. ஒருவருக்கு மகள், மற்றவருக்கு மனைவி. இரண்டு வீடும் ஒரே லயத்து வரிசையில், மூன்று காம்பரா அறை தள்ளி!

சோலைமலை இலங்கை மலைநாட்டு ஹட்டனில் தேயிலை இயந்திரப் பாகங்கள் செய்யும் பட்டறையில் படம் வரைபவர். 1963இல் அங்கே சர்வதேச அளவு விதிகள் அடங்கிய கையேடு ஒன்று வந்தது. எந்தப் பொருளையும் சொன்ன அளவில் அச்சாகச் செய்ய முடியாது; எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதைப் படத்திலேயே எழுதிவிட வேண்டும் என்றது அது. அன்றிலிருந்து அவர் அவராக இல்லை. மனைவி சுடும் ரொட்டிக்குக்கூடக் கூடுதல் குறைவு எழுதிக் கொடுத்தார்.

அந்த வருடம் மாரியம்மன் தேருக்கு நாலு புதுச் சக்கரம் வேண்டியிருந்தது. பெரிய கங்காணி பொன்னையா படத்தை மருமகனிடமும் மரத்தை மாமனாரிடமும் ஒப்படைத்தார். வேறு ஆள் இல்லை.

அம்மாக்கண்ணு இருவரையும் கும்பிட்டாள். "தேரு நல்லபடியா ஓடணும். ஓடலேன்னா, யாரு மேல தப்போ அவுங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன். ஆத்தா மேல சத்தியம்!"

சோலைமலை எழுதினார்: குறுக்களவு இருபத்துநாலு அங்குலம், அரை நூல் கூடலாம், அரை நூல் குறையலாம். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். மனைவியிடம் சொல்லியும் அனுப்பினார்: "எழுதுனத மட்டும் செய்யச் சொல்லு. சொந்தப் புத்தி வேணாம்."

திருவிழா நாளில், அன்று காலைதான் மாட்டிய சக்கரங்களைத் தேர்ச்சீலை மறைத்திருக்க, வடம் பிடித்தார்கள். தேர் நகர்ந்தது. அம்மன் இரண்டு அங்குலம் எழும்பினாள். தொப்பென்று இறங்கினாள். மறுபடி எழும்பினாள். பூசாரி அம்மனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஆத்தா ஆடுறா!" என்று கூட்டத்தில் நின்ற ராசம்மா அலற, பத்துப் பெண்களுக்கு அருள் வந்தது. தப்படித்தவர்கள் தேரின் குதிப்புக்குத் தாளத்தை மாற்றிக்கொண்டார்கள். மூன்றாவது லயத்தருகே அச்சு முறிந்து தேர் நின்றது.

"சக்கரமாய்யா இது? கொழுக்கட்ட!" என்று பொன்னையா சீலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மாயாண்டியிடம் சீறினார்.

சோலைமலை குறுக்களவு அளக்கும் பெரிய காலிப்பரைக் கொண்டுவந்தார். எந்தப் பக்கம் வைத்தாலும் இருபத்துநாலு அங்குலம். ஆனால் கண்ணுக்கு, பக்கம் புடைத்து மூலை மழுங்கிய முக்கோணம்! அளவு சரி, வடிவம் கோணல். வட்டத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்று அவர் எழுதவே இல்லை.

வாயை மூடிக்கொண்டால் போதும், பழி மாமனாருக்கு, மனைவி தமக்கு. சோலைமலை காலிப்பரைக் கீழே வைத்தார்.

"சக்கரம் படத்துப்படிதான் இருக்குங்க. படந்தான் தப்பு."

அம்மாக்கண்ணு விம்மியபடி தகப்பன் வீட்டுக்கு ஓடினாள். வாசலில் மாயாண்டி இரு கைகளையும் விரித்து மறித்தார்.

"உள்ள வராத தாயி. தெரிஞ்சேதான் வெட்டுனேன். ஃபெக்டரில தேஞ்ச தண்டு ஒண்ணு கெடக்கு. எப்படி அளந்தாலும் அளவு சரியா நிக்கும், ஆனா சீரா உருளாது. அதப் பாத்து வெட்டுனேன். ஆறு வருசக் கோவம்மா!"

ஐயோ, எந்தப் பெண்ணுக்கு நேரும் இது? இரண்டு வாசலும் அடைபட்டன. அவள் திரும்பி நடந்து, முறிந்த தேரின் படியில் உட்கார்ந்தாள். "உருளுற சக்கரம் வந்தாத்தான் எந்திரிப்பேன்!"

மழை பிடித்தது. மாயாண்டி கம்பளியோடு ஓடிவந்தார். தலைக்கு மேல் விரிக்க ஒருவர் கை போதவில்லை. மறுமுனையைச் சோலைமலை பிடித்தார். மாயாண்டிதான் முதலில் வாய் திறந்தார்.

"வட்டத்துல எவ்வளவு விடலாம்... மாப்பிள்ள?"

"ரெண்டு நூல் விடலாம் மாமா."

"ரெண்டா? அநியாயம். ஒண்ணு."

"உங்க கைக்கு அது கஷ்டமில்லீங்களா?"

"என் கையவா சொல்றீங்க?"

கம்பளி இருபுறமும் இழுபட்டு விறைத்தது. அடியிலிருந்து அழுகைக் குரல் வெடித்தது:

"அரை நூலுன்னு எழுதித் தொலைங்க! தண்ணி ஒழுகுது!"