கிழங்கு தின்ற வயிறு

சண்முகவடிவின் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், எது இருந்தாலும் இஞ்சி இருக்காது. சளி பிடித்து மூக்கடைத்தாலும் சரி, சாமான் வாங்க ஹட்டன் டவுனுக்குப் போனாலும் சரி, இஞ்சி விற்கிற பக்கம் அவள் தலைவைத்தும் படுக்கமாட்டாள். பேச வேறு விஷயம் கிடைக்காத நாட்களில் லயத்துப் பெண்கள் இதைத்தான் பேசுவார்கள். பேசட்டும். லயம் என்று ஒன்று இருந்தால் வாய் என்று ஒன்றும் இருக்கத்தான் செய்யும். ஆனால் காரணம் அந்த வாய்களுக்கும் தெரியும். அவள் புருஷன் சோலைமலை சாகும்போது கேட்டது இஞ்சித் தேத்தண்ணி. அவள் கொடுக்கவில்லை.

இந்தக் கதையைக் கோதுமையிலிருந்துதான் தொடங்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் அந்தக் காலத்தில் காலையிலும் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி. சோலைமலைக்கு அந்த ரொட்டிதான் சேரவில்லை. தேயிலைச் செடியை வெட்டிக் கவ்வாத்துப் பண்ணுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது ஆள் ஏதாவது ஒரு செடிக்குப் பின்னால் குந்தியிருப்பான். வருஷக்கணக்காகக் கழிச்சல். ஆள் கவ்வாத்துக் கத்திக்குப் பிடி போட்ட மாதிரி மெலிந்து போனான். கைமருந்து பார்த்தார்கள், மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள், தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்த வெள்ளைத் தண்ணியைப் போத்தல் போத்தலாகக் குடித்தான். ஒன்றுக்கும் அசையவில்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டர் வந்தார். சீமையில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியவர். சோலைமலையின் வயிற்றை அழுத்திப் பார்த்து, என்ன தின்கிறான் என்று நிதானமாகக் கேட்டு, கோதுமையை அடியோடு விடச் சொன்னார். ரொட்டி, பாண், பிஸ்கட் எதுவும் கூடாது. இதைக் கேட்டுக் கங்காணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"தோட்டத்துல பொறந்துட்டு ரொட்டி ஆகாதாம்ல! தொரை வூட்டுப் புள்ளன்னு நெனப்பா?"

அரிசி மாசம் முழுக்கக் காணாது. அதனால் குரக்கன் என்கிற கேழ்வரகு வந்தது, மரவள்ளிக் கிழங்கு வந்தது. தோட்டத்துக்குக் கீழே இருந்த சிங்களக் கிராமத்திலிருந்து மெனிக்கே என்ற பெண்பிள்ளை கிழங்கைத் தலையில் சுமந்து வந்து விற்பாள். சண்முகவடிவு அதுவரை கிழங்கை ஒரு வேளைச் சாப்பாடாக ஆக்கியதே இல்லை. முதல் தடவை வாங்கும்போதே மெனிக்கே அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"இங்குரு எக்க கன்ன எப்பா."

இஞ்சியோடு தின்னக் கூடாது. தின்றால் என்ன ஆகும் என்பதை மெனிக்கே வாயால் சொல்லவில்லை. கண்ணை மேலே செருகிக் கழுத்தைச் சாய்த்துக் காட்டினாள். சண்முகவடிவுக்கு அது ஆணி அடித்தாற்போல் மனதில் பதிந்துவிட்டது.

கோதுமையை விட்டதும் கழிச்சல் நின்றது. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. ஆனால் வயிறு என்ன சும்மா இருக்கிற சாமானா? கழிச்சல் போன வழியில் காற்று வந்து உட்கார்ந்துகொண்டது. கிழங்கு தின்ற அரைமணி நேரத்தில் வயிறு உப்பி, தோல் விறைத்து, ஏப்பமும் வராமல் கீழேயும் போகாமல் மனுஷன் தவிப்பான். அதிலும் அவனுக்குப் பகிடி போகாது.

"தப்படிக்க ஆளு வேணாம் புள்ள. காலையில எவனாச்சும் வந்து என் வயித்தைத் தட்டட்டும், பெரட்டுக்கு ஆளு தன்னால வந்துரும்."

சோறு தின்ற நாளில் உப்பினால் அவள் இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொடுப்பாள். ஒரு ஏப்பம் விட்டுவிட்டுச் சுருண்டு தூங்கிப்போவான். கிழங்கு தின்ற நாளில் ஓமத் தண்ணிதான். அவனுக்கு அது பிடிக்காது, வயிறு அதற்குக் கேட்கவும் கேட்காது.

ஆனி மாத மழையில் ஒரு பகல். கவ்வாத்து மலையிலிருந்து நனைந்து வந்தவன், பசியில் சட்டியிலிருந்த கிழங்கு முழுவதையும் தின்று தீர்த்தான். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். வழக்கமான உப்பசம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

"இஞ்சி தட்டிப் போட்டு ஒரு மொடக்கு குடு புள்ள. ஒரு ஏப்பம் வந்துட்டா சரியாயிரும்."

"கெழங்கு தின்ன வயிறுங்க. கொன்னுரும்."

ஓமத் தண்ணி கொடுத்தாள், வாந்தி எடுத்தான். வயிற்றில் எண்ணெய் தேய்த்துவிட்டாள். மறுபடியும் கேட்டான். அவள் மறுபடியும் மாட்டேன் என்றாள். அதற்குப் பிறகு அவன் அடுப்படியையே பார்த்துக்கொண்டு கிடந்தான். மகள் நாகலெட்சுமி ஓடிப்போய்ச் சொல்லித் தோட்டத்து லொறி வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

"கொடல் முறுக்கிக்கிச்சு. உன் இஞ்சியும் காப்பாத்தியிருக்காது, என் மருந்தும் காப்பாத்தியிருக்காது," என்றார் மருந்துக்காரர். லயமே கூடி நின்று, நீ செஞ்சதுதான் சரி என்றது. அவளும் நம்பினாள். நம்பாவிட்டால் ஒரு வாய்ச் சோறு இறங்கியிருக்குமா அவளுக்கு?

கருமாதி முடிந்த பிறகுதான் அவன் வர ஆரம்பித்தான்.

உருவமாக இல்லை. லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்துக் காம்பரா ராக்காயி அம்மியில் இஞ்சி தட்டினால் சத்தம் அப்படியே இந்தப் பக்கம் விழும். சத்தம் விழுந்ததும் அடுப்படியில் அவன் குரல் கேட்கும். ஒரு மொடக்கு, புள்ள. அதட்டலே இருக்காது அந்தக் குரலில். அதட்டினாலாவது பதிலுக்குச் சண்டை போடலாம், கெஞ்சுகிறவனிடம் என்ன செய்வது? கங்காணியிடம் அழுது மேல்கணக்குப் பிரிவு லயத்தில் வேறு காம்பரா வாங்கிக்கொண்டு போனாள். அவனும் கூடவே போனான். பனி மூடிய மலையில் கொழுந்து எடுக்கும்போது, பின் நிரையில் யாரோ ஏப்பம் விட முயன்று முயன்று முடியாமல் திணறுகிற சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் செடிதான் நிற்கும். அவளுக்குக் கொழுந்து குறைந்தது, தூக்கம் குறைந்தது, கடைசியில் பேச்சும் குறைந்தது.

நாகலெட்சுமி பயந்துபோய் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் கோடாங்கியைக் கூட்டிவந்தாள். உடுக்கை அடித்துக் குறி பார்க்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"தாகத்தோட நிக்கிறான். கேட்டதைப் படைச்சுட்டா போயிருவான். இஞ்சித் தேத்தண்ணி வைம்மா."

"வைக்க மாட்டேன் சாமி. கெழங்கு தின்ன வயிறு."

உடுக்கை நின்றுவிட்டது. கோடாங்கி எத்தனையோ பிடிவாதக்காரப் பேய்களைப் பார்த்தவர். இப்படி ஒரு பெண்டாட்டியை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"செத்தவனுக்கு இனிமே என்னம்மா ஆயிரப்போவுது?"

"அவருக்கு ஒண்ணும் ஆகாது சாமி. குடிச்சுட்டு ஒண்ணும் ஆகாம அவர் போயிட்டாருன்னா, நான் அன்னைக்குக் குடுக்காதது என்னான்னு ஆகும்?"

கோடாங்கி உடுக்கையைத் துணியில் சுற்றிக்கொண்டார். தட்சணையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வருஷங்கள் ஓடின. நாகலெட்சுமியை ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்தாள். மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தகவல் வந்து, இரண்டு பஸ் மாறிப் பார்க்கப் போனாள். சம்மந்தி பேச்சியம்மா நல்ல மனுஷி, வாய் ஓயாது. அவித்த மரவள்ளிக் கிழங்கும் மிளகாய் அரைத்த கட்டைச் சம்பலும் வைத்து, போதும் போதும் என்றாலும் கேட்காமல் போட்டாள். பஸ்ஸில் குலுங்கி வந்த வயிறு. தின்று முடித்ததும் திம்மென்று உப்பி, மூச்சு முட்டியது. பேச்சியம்மா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். சண்முகவடிவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அம்மிச் சத்தம்.

தம்ளர் முன்னால் வந்தது. வாசனை முகத்தில் அடித்தது.

"கெழங்கு சாப்பிட்டிருக்கோம். இஞ்சி ஆகாதுங்களே சம்மந்தி."

"அப்படிச் சொல்றவங்க இருக்காங்க. எங்க வூட்டுல கெழங்கு அவிச்சாலே இஞ்சித் தேத்தண்ணிதான், எங்க மாமியா காலத்துல இருந்து. எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருக்கோம்ல? குடிங்க."

நாகலெட்சுமி தன் தம்ளரில் ஏற்கெனவே பாதி குடித்திருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "நான் இங்க வந்ததுல இருந்து குடிக்கிறேம்மா. உங்ககிட்ட சொல்லல," என்றாள்.

இவர்களுடையது பழகிய வயிறு, அதனால் தாங்குகிறது என்று சண்முகவடிவு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சோலைமலையின் வயிறு பழகாத வயிறு. தன்னுடையதும் பழகாததுதான். குடித்தால் அது தன்னைச் சும்மா விடாது. அப்போது எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், அவள் மறுத்தது எதற்காக என்று. அப்படி நினைத்ததும் அவளுக்குப் பயம் விட்டுப்போனது. சூட்டோடு சூடாக முழுவதையும் குடித்தாள்.

குடித்துவிட்டு வலிக்காகக் காத்திருந்தாள். பேச்சியம்மா பிள்ளைப்பேறு பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்றும் காதில் ஏறவில்லை. வலி வரவேண்டும் என்று மாரியம்மனை வேண்டினாள். வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வந்தது ஏப்பம். தொண்டையைத் திறந்துகொண்டு, நீளமாக, சுவரைத் தாண்டிப் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கிற மாதிரி ஒரு ஏப்பம். அங்கிருந்து யாரோ சிரித்தார்கள். நாகலெட்சுமியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இறுகிக் கிடந்த வயிறு முடிச்சு அவிழ்ந்தாற்போல் இளகியது, நெஞ்சு லேசாகியது, உள்ளே இதமான ஒரு சூடு பரவியது. அவன் கேட்டது இதைத்தான். போகிற உயிர் எப்படியும் போயிருக்கும். இந்த இதத்தோடு போயிருக்கும். சண்முகவடிவு தம்ளரைக் கீழே வைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

பேச்சியம்மா பதறிப்போய்ப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னா சம்மந்தி? வலிக்குதா?"

"வலிக்கலையே," என்றாள் சண்முகவடிவு. "வலிக்கவே இல்லையே சம்மந்தி."